சோள அடையும் சாம்பல் நீரும்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் பிற்பகலில், எங்கள் கல்லூரியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். கிழக்குக் கரையில் குடியேறிய மக்கள், மலைகளையும் ஆறுகளையும் கடந்து மேற்குத் திசை நோக்கிச் சென்ற வரலாறு அது. அவர்கள் மரங்களை வெட்டினார்கள். மரக்கட்டைகளை அடுக்கிக் குடில் அமைத்தார்கள். மக்காச்சோள மாவால் அடை சுட்டுத் தின்றார்கள் என்று வழக்கம்போல் சொல்லிக்கொண்டே போனேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து நின்றாள். "ஐயா, அந்த அடை எப்படி இருக்கும்? நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, விடைதான் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த அடையைப் பற்றிப் பேசி வந்த நான், அதை ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை, நாவால் சுவைத்ததுமில்லை. "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று கூறித் தப்பித்துக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தில் அடுக்களையிலும் நூலகத்திலும் நான் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், குடியேறிகள் ஏன் மக்காச்சோளத்தை நம்பினார்கள் என்பதைப் பார்ப்போம். ஐரோப்பாவிலிருந்து சென்றவர்கள் கோதுமை ரொட்டி தின்று வளர்ந்தவர்கள். ஆனால் கோதுமை பயிரிட வேண்டுமானால் மரங்களை வேரோடு களைந்து, நிலத்தை நன்றாக உழுது பண்படுத்த வேண்டும். விளைந்த கோதுமையை அடித்துத் தூற்றி, நல்ல ஆலையில் அரைக்க வேண்டும். புதிதாகக் காட்டுக்குள் நுழைந்த குடும்பத்துக்கு இவற்றில் ஒன்றும் கைகூடாது. மக்காச்சோளமோ இத்தகைய நிபந்தனை எதுவும் விதிப்பதில்லை. மரத்தின் பட்டையை வளையமாகச் செதுக்கி விட்டால் மரம் பட்டுப்போகும், இலை உதிரும், வெயில் தரையில் விழும். அந்தப் பட்ட மரங்களுக்கு நடுவே மண்வெட்டியால் கொத்திக் குழிக்குச் சில விதைகள் இட்டால் போதும், பயிர் எழுந்துவிடும். ஒரு விதை சில நூறு மணிகளைத் திருப்பித் தரும். பாலேறிய பருவத்தில் கதிரைச் சுட்டுத் தின்னலாம். கதிர் முற்றியும் முற்றாமலும் இருக்கும்போது, ஆணியால் துளையிட்ட தகரத்தில் தேய்த்து மாவாக்கலாம். முற்றிக் காய்ந்த பிறகோ, தோகைக்குள் பத்திரமாக இருக்கும் கதிரை வேண்டியபோது ஒடித்துக்கொள்ளலாம்.

ஆலை இல்லாத இடத்தில் அவர்கள் மாவாக்கிய முறை நமக்கு அயலானதன்று. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் தீ மூட்டிக் குழியாக்கினார்கள், அதுவே உரல். அருகில் உள்ள இளமரத்தை வளைத்து, அதன் நுனியில் கனத்த கட்டை ஒன்றைக் கட்டினார்கள், அதுவே உலக்கை. இழுத்து இடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினால், மரம் தானே நிமிர்ந்து உலக்கையை மேலே தூக்கிக்கொள்ளும்.

இந்த வித்தைகளில் பெரும்பாலானவை குடியேறிகள் கண்டுபிடித்தவை அல்ல. மக்காச்சோளம் இன்றைய மெக்சிகோ நாட்டின் தென்மேற்குப் பகுதியில், ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன், தியோசின்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து பழங்குடி மக்கள் பண்படுத்திய பயிர். அந்தப் புல்லின் கதிர் ஒரு விரல் நீளமே இருக்கும். அதில் கல்போல் கடினமான சில மணிகளே இருக்கும். அதனை இன்றைய கதிராக வளர்த்தவை எத்தனையோ தலைமுறைகளின் கைகள். 1620-இல் பிளிமத் என்னும் இடத்தில் கரையேறிய ஆங்கிலேயர் அடுத்த வசந்த காலத்தில் விதைக்கத் தொடங்கியபோது, வாம்பனோவாக் மக்களைச் சார்ந்த டிஸ்குவாண்டம் என்பவர், எப்படி நடுவது, குழியில் மீனை உரமாக இடுவது எப்படி என்றெல்லாம் அவர்களுக்குக் கற்பித்தார். முந்திய குளிர்காலத்தில் அவர்களில் பாதிப் பேர் மாண்டு போயிருந்தார்கள். மற்றவர்கள் பிழைத்ததற்கு அந்தப் பாடமும் ஒரு காரணம்.

இனி அடைக்கு வருவோம். அதற்குப் பெயர்கள் பல. ஜானி கேக் என்பது ஒன்று. ஹோ கேக் என்பது மற்றொன்று. அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்துச் சுட்டால் அது ஆஷ் கேக். ஜானி என்பவர் யார் என்று தேடினால் அப்படி ஒருவரும் இல்லை. பயணத்தில் எடுத்துச் செல்லும் அடை என்ற பொருள்கொண்ட ஆங்கிலத் தொடர் மருவி அவ்வாறு ஆயிற்று என்பார் உண்டு; பழங்குடியினர் பெயர் ஒன்றின் திரிபு என்பாரும் உண்டு. ஹோ என்றால் மண்வெட்டி. வயலில் உழைத்தவர்கள் மண்வெட்டித் தகட்டில் அடை சுட்டதால் வந்த பெயர் அது என்று பொதுவாகக் கூறுவார்கள். பழைய ஆங்கில வழக்கில் தோசைக்கல் போன்ற இரும்புத் தட்டுக்கே அப்பெயர் உண்டு என்று ஆராய்ந்தோர் காட்டியிருக்கிறார்கள். இரும்புத் தட்டு இல்லாதவர்கள், சாய்த்து நிறுத்திய மரப்பலகையில் மாவை அப்பி, நெருப்புக்கு முன்னே வைத்துச் சுட்டார்கள்.

1796-ஆம் ஆண்டில் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரில், 'அமெரிக்கச் சமையல்' என்ற பொருள்படும் நூல் ஒன்றை வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டிலேயே அச்சான முதல் சமையல் நூல் அது. இந்த அடையின் செய்முறை அதில் இருக்கிறது. நான் அதனை முன்பே படித்துக் குறிப்பும் எடுத்திருக்கிறேன். ஆகவே, மாவும் உப்பும் தண்ணீரும்தானே, இதில் என்ன இருக்கிறது என்ற துணிவோடு, ஒரு சனிக்கிழமை காலையில் அடுப்படிக்குள் புகுந்தேன்.

கடையில் 'கார்ன் பிளவர்' என்று கேட்டேன். தூய வெண்மையான மாவு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் நீரூற்றிக் கல்லில் வார்த்தேன். அது அடையாகவில்லை, சுவரொட்டி ஒட்டுவதற்குத் தகுதியான பசையாயிற்று. பிறகுதான் தெரிந்தது, நம் கடைகளில் அப்பெயரால் விற்பது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாச்சத்து என்பது. முழு மணியை அரைத்த மாவு வேறு. வட இந்தியர் ரொட்டி சுடுவதற்கென்று விற்கும் மஞ்சள் மாவே நமக்கு வேண்டியது. அதனைத் தேடி வாங்கி வந்தேன்.

இரண்டாம் முறை, மஞ்சள் மாவில் உப்புச் சேர்த்து, குழாய்த் தண்ணீரை விட்டுப் பிசைந்தேன். உருண்டை பிடித்தால் உதிர்ந்தது. தட்டினால் விளிம்பெல்லாம் வெடித்தது. கல்லில் இட்டுத் திருப்ப முயன்றபோது, அடை ஏழெட்டுத் துண்டுகளாயிற்று. அவற்றில் ஒன்றை வாயில் இட்டுப் பார்த்தேன். மணலை மென்றாற்போல் இருந்தது.

என் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். வாயிற்படியருகே நாற்காலியில் அமர்ந்து, இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார். "வெந்நீர் ஊற்றாமல் பிசைந்தால் சோள மாவு ஒட்டுமாப்பா?" என்றார்.

சேலம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் அவர். கம்பும் சோளமும் கேழ்வரகும் தட்டிப் பழகிய கைகள் அவருடையவை. நான் கல்லூரி விடுதிக்குப் புறப்பட்ட நாளில், வழிக்கு என்று சோள அடை கட்டித் தந்தார். மற்ற மாணவர்கள் பூரியும் இட்லியும் கொண்டுவந்திருந்தார்கள். நான் என் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. இருட்டிய பிறகு வெளியே எறிந்துவிட்டேன். அதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. இப்போது அவர் சொன்னபடி நீரைக் கொதிக்க வைத்தேன். மாவில் உப்பிட்டு, கொதிக்கும் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரண்டியால் கிளறினேன். பத்து நிமிடம் மூடி வைக்கச் சொன்னார். திறந்து பார்த்தபோது, மாவு நீரை உறிஞ்சிக் குழைந்திருந்தது.

அன்று இரவு என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். சிம்மன்ஸ் அம்மையாரும் கொதிக்கும் பாலையோ கொதிநீரையோதான் மாவில் ஊற்றச் சொல்லியிருக்கிறார். என் கையால் எழுதிய அந்தச் சொல்லை நான் படித்திருந்தேன், ஆனால் கண்டுகொள்ளவில்லை. கைப்பழக்கம் உள்ளவருக்கு அது ஒரு விதி. எனக்கோ அது வெறும் சொல்.

இதன் காரணத்தை அறிவியல் மாணவர்கள் எளிதில் உணர்வார்கள். கோதுமை மாவில் நீர் பட்டதும், அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற நெகிழ்ச்சியுள்ள வலையாகின்றன. சப்பாத்தி இழுபடுவது அதனால்தான். மக்காச்சோளத்தில் அந்த வலை உண்டாவதில்லை. ஆனால் அதன் மாச்சத்துத் துகள்கள், சுமார் 65 அல்லது 70 பாகை வெப்பத்தில் நீரை உறிஞ்சிப் பருத்துப் பசையாகின்றன. கொதிநீர் செய்யும் வேலை அதுவே. புரதம் செய்ய மறுத்த பிணைப்பை மாச்சத்து செய்துவிடுகிறது.

செய்து பார்க்க விரும்புவோர்க்கு அளவைச் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோள மாவு ஒரு கோப்பை. உப்பு அரைத் தேக்கரண்டி. கொதிநீர் ஏறக்குறைய ஒரு கோப்பை. மாவின் நயத்துக்கேற்ப நீர் சற்றுக் கூடும், குறையும். கிளறிப் பத்து நிமிடம் மூடி வைத்த பின், இரண்டு மூன்று கரண்டி பால் விட்டுத் தளர்த்துங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தொப்பென்று விழ வேண்டும். தோசை மாவுபோல் ஓடலாகாது. கனமான இரும்புக் கல்லைக் காய வைத்து எண்ணெய் தடவி, உள்ளங்கை அகலத்துக்கு, அரை விரற்கடைத் தடிப்பில் இடுங்கள். குடியேறிகள் பன்றிக் கொழுப்பைத் தடவினார்கள்; நமக்கு நல்லெண்ணெயோ வெண்ணெயோ போதும். இனி வேண்டியது பொறுமை ஒன்றே. மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் அதைத் தொடாதீர்கள். விளிம்பு பொன்னிறமானால் அடை தானே கல்லை விட்டு விலகும். அப்போது திருப்பி, மறுபுறமும் அவ்வளவு நேரம் வேகவிடுங்கள். மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே களிபோல மென்மையாகவும், இலேசான இனிப்போடு இருக்கும். அடுப்பையும் கொதிநீரையும் கையாளப் பழகாதவர்கள், வீட்டுப் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டதால்தான் அடை சுட்டேன்.

அப்போது என் மாமா வீட்டுக்குள் நுழைந்தார். மணத்தை முகர்ந்ததுமே, "இது எங்கள் பள்ளிக்கூடத்து அமெரிக்க மாவு அல்லவா!" என்றார். 1960-களில் அன்றைய சென்னை மாநிலத்துப் பள்ளிகளில், மதிய உணவுக்காகக் கேர் என்ற அமெரிக்க அறநிறுவனத்தின் வழியாக மஞ்சள் மக்காச்சோள மாவும் பால்பொடியும் வந்தன. அந்த மாவில் கிண்டிய உப்புமாவைத் தட்டேந்தி வாங்கியவர் அவர். இப்படி, நான் தொலைநாட்டு வரலாறாக எண்ணியிருந்த மாவு, என் வீட்டு முற்றத்தில் முன்பே வந்து போயிருந்தது.

அடை கைகூடிய பிறகு, அதைத் தின்றவர்கள் யார் யார் என்று அறியும் ஆவல் மிகுந்தது. 1845-ஆம் ஆண்டில் வெளியான இரண்டு நூல்களைக் கூறுகிறேன். ஒன்று, லான்ஸ்ஃபர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர், ஆரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் செல்வோர்க்கு எழுதிய வழிகாட்டி. ஏறக்குறைய 2,000 மைல் தொலைவை மாட்டு வண்டியில் கடக்க, நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். ஆளுக்கு மாவு 200 பவுண்டு, உப்பிட்ட பன்றி இறைச்சி 150 பவுண்டு, காப்பி 10 பவுண்டு, சர்க்கரை 20 பவுண்டு, உப்பு 10 பவுண்டு வேண்டும் என்று அவர் கணக்கிடுகிறார். மரமில்லாத புல்வெளியில் விறகுக்கு எங்கே போவது? காட்டெருமையின் உலர்ந்த சாணத்தைப் பெண்களும் சிறுவர்களும் பொறுக்கி வந்து எரித்தார்கள். வறட்டி எரித்து அடை சுட்டார்கள் என்று நாம் சொல்லிவிடலாம்.

மற்றொரு நூல், பிரெடரிக் டக்ளஸ் எழுதிய தன் வரலாறு. மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 1838-இல் தப்பி வந்தவர் அவர். பெரும்பண்ணையில் வளர்ந்த அடிமை ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு அளந்து கொடுத்தது எட்டுப் பவுண்டு பன்றி இறைச்சி, அல்லது அதற்கு ஈடான மீன். ஒரு புஷல் மக்காச்சோள மாவு. ஒரு புஷல் மாவு ஏறக்குறைய 22 கிலோ இருக்கும். பகல் முழுதும் வயலில் உழைத்து, இரவில் வந்து அந்த மாவைப் பிசைந்து சுட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரே ஆண்டில் வந்த இரு நூல்கள். இரண்டிலும் உணவுக் கணக்கு இருக்கிறது. முதல் கணக்கைப் போட்டவன் தான் விரும்பிய திசைக்குச் செல்பவன். இரண்டாம் கணக்கில், உண்பவனுக்காகக் கணக்கிட்டவன் வேறொருவன். மாவு ஒன்றே, கொதிநீர் ஒன்றே, அடையும் ஒன்றே. ஆயினும் ஒருவன் அதனைத் தன் துணிவின் அடையாளமாகப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி மகிழ்ந்தான். மற்றவன் அதிலே தன் விலங்கை நினைத்தான். உணவின் வரலாறு எழுதுவோர், செய்முறையோடு இதையும் எழுத வேண்டும்.

இன்னொரு செய்தி. முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன், நாள்தோறும் காலையில் ஹோ கேக்கை வெண்ணெயிலும் தேனிலும் தோய்த்து உண்பது வழக்கம் என்று, அவர் வீட்டில் வளர்ந்த பேர்த்தி எழுதியிருக்கிறார். மவுண்ட் வெர்னன் மாளிகையில் அந்த அடைகளைச் சுட்டவர்கள் அடிமைகள். அதே வாஷிங்டன் படைத்தலைவராக இருந்த 1779-ஆம் ஆண்டில், அவர் ஆணைப்படி, தளபதி சல்லிவன் இராக்வாய் மக்களின் நாட்டுக்குள் புகுந்து, ஏறக்குறைய 40 ஊர்களையும், விளைந்து நின்ற மக்காச்சோள வயல்களையும், சேமித்து வைத்த தானியத்தையும் அழித்தார். அடுத்து வந்த கொடுங்குளிரில் அம்மக்கள் பசியால் வாடினார்கள். மக்காச்சோளத்தைக் கையில் கொடுத்தவர்களை வெல்வதற்கு, மக்காச்சோளத்தை எரிப்பதே வழி என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அடுத்த வாரம் இருபது அடைகளைப் பொட்டலம் கட்டி வகுப்புக்குக் கொண்டுசென்றேன். இம்முறை மறைக்கவில்லை. அந்த மாணவி ஒரு துண்டை மென்றுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் இதையே நாள்தோறும் மூன்று வேளையும் தின்றால் என்ன ஆகும்?" என்று கேட்டாள். முதல் கேள்வி என்னை அடுப்படிக்கு அனுப்பியது. இரண்டாம் கேள்வி என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

மக்காச்சோளத்தைப் பண்படுத்திய மெக்சிகோ மக்கள், அதனை வெறுமே அரைத்து உண்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் மணிகளை வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, மறுநாள் கழுவி அரைப்பார்கள். சுண்ணாம்பு எளிதில் கிட்டாத வடபகுதிப் பழங்குடிகள் மரச்சாம்பல் நீரைப் பயன்படுத்தினார்கள். மேல்தோல் கழன்றுவிடும், மாவு நன்றாக ஒட்டும் என்பவை கண்ணுக்குத் தெரிந்த பயன்கள். கண்ணுக்குத் தெரியாத பயன் ஒன்றும் உண்டு. மக்காச்சோளத்தில் நயாசின் என்ற வைட்டமின் இருக்கிறது. ஆனால் அது உடல் ஏற்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. காரநீர் அந்தக் கட்டை அவிழ்க்கிறது.

கொலம்பஸுக்குப் பின் ஐரோப்பியர் விதையை எடுத்துச் சென்றார்கள். சாம்பல் நீரைப் பற்றிய அறிவை எடுத்துச் செல்லவில்லை. மக்காச்சோளமே முழு உணவாகிவிட்ட ஏழை மக்களிடையே புதுநோய் ஒன்று தோன்றியது. தோல் வெந்தாற்போல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு உண்டாகும், மனம் கலங்கும், இறுதியில் உயிர் போகும். 1735-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பார் காசல் இதனைக் கண்டு விவரித்தார். பின்னர் இத்தாலியர், சொரசொரப்பான தோல் என்ற பொருளில் பெலாகரா என்று பெயரிட்டார்கள்.

அமெரிக்கக் காட்டில் குடியேறியவர்களைப் பெலாகரா பெரிதும் தாக்கவில்லை. அவர்களிடம் கறவைப் பசு இருந்தது. வேட்டை இறைச்சியும் அவரையும் இருந்தன. பலர் பழங்குடிகளிடம் கற்றபடி சாம்பல் நீரில் சோளத்தை ஊறவைத்தும் உண்டார்கள். ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென் மாநிலங்களில் நிலைமை மாறிற்று. பருத்தி ஒன்றையே பயிரிட்ட குத்தகை உழவர்க்கும் ஆலைத் தொழிலாளர்க்கும், தோட்டமும் இல்லை, பசுவும் இல்லை. அவர்கள் உணவு மூன்றே பொருள்: மக்காச்சோள மாவு, கொழுப்பு மிகுந்த உப்பு இறைச்சி, வெல்லப்பாகு. முளைக்கருவை நீக்கி அரைக்கும் இயந்திர ஆலைகளும் அப்போது பரவின. 1906 முதல் 1940 வரை ஏறக்குறைய 30 இலட்சம் பேரை அந்நோய் பற்றியது என்றும், ஒரு இலட்சம் பேர் இறந்தார்கள் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இது தொற்றுநோய் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். 1914-இல் அரசு இதனை ஆராய ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை அனுப்பியது. காப்பகங்களுக்குச் சென்ற அவர் ஒன்றைக் கவனித்தார்: நோயாளிகளுக்குத்தான் நோய் இருந்தது, அவர்களோடு நாள் முழுதும் பழகிய ஊழியர் ஒருவருக்கும் இல்லை. தொற்றுநோய்க்கு ஊழியர் யார், நோயாளி யார் என்று தெரியுமா? வேறுபாடு உணவில் இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். மிசிசிப்பி மாநிலத்தின் இரண்டு அனாதை இல்லங்களில் பாலும் முட்டையும் இறைச்சியும் அவரையும் கொடுக்கச் செய்தார், நோய் மறைந்தது. 1915-இல் சிறைப்பண்ணை ஒன்றில், விடுதலை பெறும் உறுதியின்மேல் முன்வந்த கைதிகள் 11 பேருக்கு மக்காச்சோளமும் மாச்சத்தும் மிகுந்த உணவை மட்டும் கொடுத்துவந்தார். சில மாதங்களில் ஆறு பேருக்கு நோய் கண்டது. கைதிகளின் உடலைக் கொண்டு சோதிப்பதை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. அதையும் நாம் மறக்கலாகாது. இவ்வளவுக்குப் பின்னும் நம்பாதவர்கள் இருந்தார்கள். 1916-இல் கோல்ட்பெர்கரும் அவர் மனைவி மேரியும் நண்பர்கள் சிலரும், நோயாளியின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை.

1929-இல் அவர் மறைந்தார். இல்லாத பொருள் எது என்பது அப்போதும் தெரியவில்லை. 1937-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கான்ராட் எல்வஜெம், அதைப் போன்ற நோயுற்ற நாய்களை நிக்கோட்டினிக் அமிலம், அதாவது நயாசின், குணப்படுத்துவதைக் கண்டறிந்தார். விரைவில் மனிதரும் அதனால் குணமானார்கள்.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. தக்காணத்தில் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்களிடமும் பெலாகரா காணப்பட்டது. சேலத்தில் பிறந்த மருத்துவ அறிஞர் கோபாலன், ஐதராபாத்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் அதனை ஆராய்ந்து, ஸ்ரீகாந்தியா என்ற அறிஞரோடு 1960-இல் முடிவுகளை வெளியிட்டார். லூசின் என்ற அமினோ அமிலம் மிகுவதும் அந்நோய்க்குத் துணைபோகிறது என்பது அவர்கள் கருத்து. அந்த ஆய்வுக்கூடம் 1918-இல் நம் குன்னூரில் சிறியதாகத் தோன்றி, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது.

அந்தச் செய்திகளையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்த நாளில் வீடு திரும்பியபோது, எனக்கு ஒன்று நினைவு வந்தது. முதல் நல்ல அடை கல்லிலிருந்து இறங்கிய அன்று, என் தாயார் எழுந்து வந்து, தட்டில் முருங்கைக்கீரைப் பொரியலும் ஒரு கிண்ணம் மோரும் வைத்தார். ஆராய்ச்சிக்காகச் சுடுகிறேன், அடையை மட்டும் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் தட்டை ஒதுக்கினேன். "வெறும் அடை ஆகாதப்பா, கூட ஏதாவது வேணும்" என்றார். நான் அதனை முதியவரின் வழக்கப் பேச்சு என்று எண்ணிவிட்டேன். நயாசின் என்ற சொல் அவருக்குத் தெரியாது. பாலிலுள்ள டிரிப்டோபேன் என்ற பொருளிலிருந்து உடல் நயாசினை ஆக்கிக்கொள்ளும் என்பதும் தெரியாது. ஆனால் கோல்ட்பெர்கர் அனாதை இல்லங்களுக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டின் சாரம், அந்தத் தட்டில் இருந்தது.

அன்று மாலை அவரிடம், விடுதிக்குப் போன நாளில் நான் எறிந்துவிட்ட பொட்டலத்தைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கு அப்பவே தெரியும். அடுத்த தடவை நீ வந்தப்ப, துணியைத் திருப்பிக் கொண்டுவரலையே" என்றார். எழுந்து சென்று மோரை ஊற்றி வந்தார்.

மாணவர்களே, உங்களில் யாரேனும் இந்த அடையைச் சுட்டுப் பார்த்தால், கொதிநீரை மறவாதீர்கள். பக்கத்தில் கீரையும் மோரும் வைத்துக்கொள்ளுங்கள். சுடும்போது வீட்டில் பாட்டியோ தாயோ அருகில் நின்று ஏதேனும் சொன்னால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.